'எனக்குப் பிடிக்கும்' என்பதும் 'இது நன்று' என்பதும்

"இந்தக் கசப்பு எனக்கு ஒத்துவரவில்லை" என்கிறார் ஒருவர். "உன் நாக்கு இன்னும் பழகவில்லை" என்று விடையளிக்கிறார் மற்றொருவர். "அவரவர் ரசனை அவரவர்க்கு" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவைக்கிறார். கைவினை பியர் பரிமாறும் கூடங்களில் ஆய்வு மாணவர்கள் கூடும்போது இம்மூன்று வாக்கியங்களும் தவறாமல் ஒலிக்கின்றன. புணேயில் 2009இல் டூலாலியும் பெங்களூரில் 2010இல் டாய்ட்டும் தொடங்கப்பட்ட பிறகு இத்தகைய கூடங்கள் நம் பெருநகரங்களில் பெருகிவிட்டன. பியரைப் பற்றிய பேச்சும் அவற்றோடு பெருகியது. மேற்சொன்ன மூன்றில் முதல் வாக்கியத்தில் குறையேதும் இல்லை, மற்ற இரண்டும் பிழையானவை என்பதே இப்பதிவின் வாதம். குடிப்பவர், குடிக்காதவர் இருவருக்கும் இவ்வாதம் பொதுவானது. யாரையும் குடிக்கத் தூண்டுவது என் நோக்கமன்று.

மொழியியலிலிருந்து தொடங்குகிறேன். 'சுவையானது', 'வேடிக்கையானது' போன்ற பயனிலைகளைப் பற்றி பீட்டர் லேசர்சான் 2005இல் எழுதிய கட்டுரை சொற்பொருளியலில் ஒரு தனி விவாதத்தையே வளர்த்தது. ஒருவர் 'இது சுவையானது' என்கிறார். மற்றவர் 'இல்லை' என்கிறார். இருவரும் முரண்படுகின்றனர், ஆனால் எவரையும் பிழை செய்தவர் என்று சொல்ல நம்மால் இயலவில்லை. இந்த நிலையை மாக்ஸ் கோல்பெல் 'பிழையற்ற முரண்பாடு' என்னும் பொருள்படக் குறித்தார். ஆங்கிலத்தில் இச்சிக்கல் கூர்மையாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், சுவைப்பவர் யார் என்பதை அவ்வாக்கியம் சொல்லாமல் விட்டுவிடுவதுதான். தமிழோ நான்காம் வேற்றுமையால் அவரை வெளிப்படையாகக் காட்டிவிடும்: எனக்குப் பிடிக்கும், எனக்குக் கசக்கிறது, எனக்கு ஒத்துவரவில்லை. கன்னடம், இந்தி உள்ளிட்ட நம் மொழிகள் பலவற்றுக்கும் இவ்வமைப்பு பொதுவானது. இவ்வாக்கியங்களில் பேசுபவர் எழுவாயாக நின்று தீர்ப்பு வழங்குவதில்லை. தமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை அறிவிக்கிறார். அதை மறுக்க எவர்க்கும் இடமில்லை. 'இது நன்று', 'இது மோசம்' என்னும் வாக்கியங்கள் வேறு வகையின. அவை பொருளைப் பற்றியவை; ஆதலால் காரணம் கேட்கப்படும் கடமைக்கு உட்பட்டவை.

'உன் நாக்கு பழகவில்லை' என்பவர் முதல்வகை வாக்கியத்துக்கு இரண்டாம்வகை வாக்கியத்துக்குரிய மறுப்பைத் தருகிறார். 'அவரவர் ரசனை' என்பவர் இரண்டாம்வகை வாக்கியமே உலகில் இல்லை என்று கருதிக்கொள்கிறார். முன்னவரிடம் இருப்பது அதிகாரம். பின்னவரிடம் இருப்பது சோம்பல்.

கோப்பைக்குள் உண்மைகள் இருக்கின்றன என்பதை முதலில் ஏற்க வேண்டும். டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ரசனை பற்றிய கட்டுரையில் 'டான் கிஹோத்தே'யிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். பீப்பாய் மதுவைச் சுவைத்த உறவினர் இருவரில் ஒருவர், மது நன்று, ஆனால் தோல் வாடை சிறிது உண்டு என்றார். மற்றவர், மது நன்று, ஆனால் இரும்பின் சுவை தெரிகிறது என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். பீப்பாயைக் காலிசெய்தபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடந்தது.

பியரிலும் இத்தகைய சாவிகள் உண்டு. ஜெர்மானியக் கோதுமை பியரில் வாழைப்பழ மணத்தைத் தருவது ஐசோஅமைல் அசிடேட். கிராம்பு மணத்தைத் தருவது 4-வினைல் குவாயகால். இரண்டும் நொதிக்கும் ஈஸ்ட் உண்டாக்குபவை. லாகரில் வெண்ணெய் வாடை எழுந்தால் அது டயசிட்டைல். பெரும்பாலும் நொதித்தலை முழுமையாக முடிய விடாத அவசரத்தின் தடயம். ஒளி பட்ட பியரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகி முடைநாற்றம் தருகிறது. இவை எவருடைய ரசனையையும் சார்ந்தவையல்ல. ஒருவருக்கு வெண்ணெய் வாடை பிடித்திருக்கலாம். அது அவருடைய உரிமை. ஆயினும் அந்த லாகர் குறையுடையது என்னும் கூற்று அதனால் பொய்யாகிவிடாது.

அப்படியெனில் வல்லுநர் சொல்லுக்குத் தலைவணங்கிவிடலாமா? அதுவும் கூடாது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. மொழியியலாளர் ஏட்ரியன் லெரர் 1983இல் வெளியிட்ட நூலில், திராட்சை மதுவைப் பற்றி மக்கள் பேசும் முறையை ஆராய்ந்தார். ஒருவர் சொன்ன வருணனையைக் கொண்டு மற்றவர் அந்த மதுவை அடையாளம் காண்பது எவ்வளவு அரிது என்பதை அவருடைய சோதனைகள் காட்டின. பிரெஞ்சு ஆய்வாளர் மூவர் 2001இல் 'ப்ரெயின் அண்ட் லேங்குவேஜ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் புகழ்பெற்றது. மணமற்ற சாயத்தால் வெள்ளை மதுவைச் சிவப்பாக்கி, மதுவியல் பயிலும் மாணவர் 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் அதை வருணித்தனர். கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்தது. கோப்பையின் வடிவம், விலைப்பட்டியல், சுவரில் எழுதிய வருணனை ஆகிய அனைத்தும் நம் நாக்குக்கு முன்பே பேசிவிடுகின்றன என்பதை மறக்கலாகாது.

இங்கேதான் இந்தியக் குடிப்போர்க்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. ஒளி பட்ட பியரின் வாடைக்கு ஆங்கிலச் சுவைஞர்கள் 'ஸ்கங்க்' என்னும் அமெரிக்க விலங்கின் பெயரைச் சொல்கிறார்கள். அவ்விலங்கு நம் நாட்டில் இல்லை. எனினும் நம் மேசைகளில் அச்சொல் தயக்கமின்றிப் புழங்குகிறது. முகர்ந்தறியாத ஒன்றை ஒப்புமையாகக் காட்டும் வருணனை, வருணனை ஆகாது. அது ஒரு கூட்டத்தில் உறுப்பினர் என்பதற்கான அடையாள அட்டை மட்டுமே.

நமக்குச் சொல் இல்லாமலும் போய்விடவில்லை. மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மொழியினர் நிறங்களைப் போலவே மணங்களையும் எளிதாகப் பெயரிடுகின்றனர் என்பதை அசிஃபா மஜீதும் நிக்லஸ் புரென்ஹல்ட்டும் 2014இல் காட்டினர். அதே சோதனையில் ஆங்கிலம் பேசுவோர் தடுமாறினர். தமிழின் அறுசுவையில் துவர்ப்பும் ஒன்று. பியர் பழகத் தொடங்குவோர் பலர் கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். ஹாப்ஸ் தருவது கசப்பு. மால்ட்டின் உமியை அளவுக்கு மீறிய வெந்நீரில் அலசினால் டானின் இறங்கித் தருவது துவர்ப்பு. முன்னது நோக்கம், பின்னது பெரும்பாலும் பிழை. வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் பாக்கையும் தின்று வளர்ந்தவர்க்கு இவ்வேறுபாடு குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கப்பட்டுவிட்டது. அந்த அறிவைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவானேன்?

இது வெறும் சொற்பூசல் அன்று. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சந்தால், முண்டா, ஹோ, உராவ் மக்கள் காய்ச்சும் ஹண்டியா, வேகவைத்த அரிசியில் 'ராணு' என்னும் மூலிகை கலந்த நொதிமாத்திரையைச் சேர்த்து ஆக்கப்படுவது. விழாக்களில் படைக்கப்படுவதோடு, வாரச்சந்தைகளில் பெண்கள் விற்கும் பானமும் அதுவே. நாகாலாந்தின் ஜூத்தோ முளைவிட்ட அரிசியிலிருந்து ஆக்கப்படுகிறது. ஹண்டியாவின் இளம்புளிப்பு லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் தருவது. பெர்லினர் வைஸ் என்னும் ஜெர்மானியப் பியரின் புளிப்பும் அவ்வகை நுண்ணுயிரிகள் தருவதே. பெருநகரக் கூடத்தில் அப்புளிப்பு 'நேர்த்தி'. சந்தையோரத்தில் அதே புளிப்பு 'நாட்டுச்சரக்கு'. சேர்மம் மாறவில்லை, மாறியது ஊற்றுபவரும் குடிப்பவரும்தான். ரசனை வகுப்பைப் பிரிக்கும் கருவியாகச் செயல்படுகிறது என்று பூர்தியு 1979இல் பிரான்ஸை வைத்து எழுதியதை, இங்கே சாதியையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

பியர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாள் 50 புள்ளிகளைப் பகிர்கிறது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. நடுவரின் விருப்பத்தை அத்தாள் முதன்மையாகக் கேட்பதில்லை. அந்தந்த வகைக்குரிய இலக்கணத்தை இந்தப் பியர் எவ்வளவு நிறைவு செய்கிறது என்றே கேட்கிறது. இதிலுள்ள நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இலக்கணம் எழுதப்படாத பானத்துக்கு அங்கே இடம் ஏது? பிரேசில் நாட்டுக் காய்ச்சுநர்கள் தம் கத்தரீனா சவர் வகைக்கு அவ்வழிகாட்டியில் இடம்பெற்றுத் தந்தனர். ஹண்டியாவுக்கும் ஓர் இலக்கணம் எழுதப்படலாம். அதை எழுதும் தகுதி அன்றாடம் முகர்ந்து பார்த்து 'இன்று சரியாக வந்திருக்கிறது', 'இன்று ஒருநாள் கூடிவிட்டது' என்று சொல்லும் பெண்களுக்கே உண்டு. கோடை விடுமுறையில் களப்பணிக்குச் செல்லும் நம்மைப் போன்றோர்க்கு இல்லை. பேச்சு வழக்கை அறியாமல் இலக்கணம் எழுதியோரின் வரலாறு மொழியியலார்க்குத் தெரிந்ததே.

ஆகவே, பானத்தை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை இவ்வரிசையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதில் என்ன இருக்கிறது? இது என்னவாக இருக்க முயன்றது? எனக்கு இது பிடித்திருக்கிறதா? முதல் வினாவுக்குக் கவனமும் சொந்தச் சொல்லும் வேண்டும். இரண்டாவதற்கு, ஆக்கியவரின் மரபைப் பற்றிய அறிவு வேண்டும். மூன்றாவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. குறையற்ற ஐபிஏ ஒன்றைப் பருகி, 'இது நன்று; எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொல்வதில் எந்த முரணும் இல்லை. மலிவான லாகரை விரும்பிக் குடித்துக்கொண்டே அதன் குறைகளைத் துல்லியமாக எடுத்துரைப்பவர், விலையுயர்ந்த கோப்பையின் முன் கடன்வாங்கிய சொற்களை உருட்டுபவரைவிடச் சிறந்த சுவைஞர்.

கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் மதிப்பிடும் தொழிலில் இருக்கும் நமக்கு இப்பயிற்சி வேறிடத்திலும் பயன்படும். மாற்றுக்கருத்து உடையோர் கீழே எழுதலாம். 'எனக்கு' என்று தொடங்கினால் கேட்டுக்கொள்வேன்; 'இது' என்று தொடங்கினால் காரணம் கேட்பேன்.