‘விழிப்புணர்வு இன்மை’ என்னும் சொற்றொடர்

முட்டைக்கோஸ் புழுக்களைப் பற்றிய ஆய்வேடுகளின் முன்னுரையில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: விழிப்புணர்வு இன்மையால் உழவர்கள் பூச்சிக்கொல்லியை வரம்பின்றித் தெளிக்கின்றனர். நெறியாளர் அதைத் திருத்துவதில்லை. புறத்தேர்வாளர் சான்று கேட்பதுமில்லை.

வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.டி.க்கு அடங்காத செய்தி ஜாவாவிலிருந்து 1953இலேயே வெளிவந்தது, பஞ்சாபிலிருந்து 1968இல். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியையும் ஹவாய் வயல்களில் அது தாங்கிக்கொண்டது 1990இல் பதிவாயிற்று. வெப்பமான நிலத்தில் முட்டை அந்தாக மாற இரண்டு மூன்று வாரங்கள் போதும். ஒவ்வொரு தெளிப்பிலும் பிழைத்தவையே அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. அளவு தவறாமல் தெளித்தாலும் இது நிகழும்.

‘மருந்தை மாற்றித் தெளியுங்கள்’ என்பது அறிவுரை. ஒரே வேதிப்பொருளோ பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. உழவர் அறிவுரையை ஏற்றுப் பெயரை மாற்றுகிறார். புட்டிக்குள் இருப்பது மாறவில்லை. பெயர்களைப் பெருக்கியவரை விட்டுவிட்டு, அவற்றை நம்பி வாங்கியவரை ஆய்வேடு குற்றவாளியாக்குகிறது. புட்டியிலுள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் கடுமையைச் சொல்லும். பூச்சி அதற்கு அடங்குமா என்பதைச் சொல்லாது. (தமிழில் மருந்து, தெலுங்கில் மந்து, கன்னடத்தில் ஔஷதி, இந்தியில் தவா. நஞ்சை இப்படி அழைப்பதைப் பேதைமை என்போர், அதையே ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்றெழுதும் பல்கலைக்கழகத் துறைகளை ஏனோ மறந்துவிடுகின்றனர்.)

மாற்று வழி இல்லாமலில்லை. பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகைப் பொறிப்பயிராகப் பரிந்துரைத்தது. ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்னும் மற்றொன்றை 25 நாள் பின்னும் விதைக்க வேண்டும். அந்து கடுகை நாடி முட்டையிடும். கோசுக்கு 4 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு. நல்ல முறைதான். ஆனால் கடுகு வரிசைக்கு நிலம் வேண்டும், இரு முறை விதைக்கவும் வேப்பங்கொட்டையை இடித்து, ஊறவைத்து, வடிகட்டவும் கூலியாள் வேண்டும். பூச்சிக்கொல்லிக் கடையில் புட்டி கடனுக்குக் கிடைக்கும். கூலியாளைக் கடனுக்கு யார் தருவார்? மண்டியில் ஓட்டை விழுந்த கோசுக்கு விலை குறைகிறது; எச்ச நஞ்சுக்குக் குறைவதில்லை, அது கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கணக்கைப் பார்த்துத் தெளிப்பவருக்கு எதைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை?

ஆய்வாளர்களின் வினாப்பட்டியல்களோ ‘பரிந்துரைத்த அளவு தெரியுமா’ என்று கேட்டு மதிப்பெண் இடுகின்றன. கடைக்கடன் எவ்வளவு, ஓட்டை விழுந்த மூட்டை என்ன விலைக்குப் போனது, சென்ற மாதம் வாங்கிய இரு புட்டிகளுக்குள்ளும் இருந்த வேதிப்பொருள் எது என்ற மூன்று கேள்விகளை அவற்றில் சேர்த்த பின் அந்த வாக்கியத்தை எழுதட்டும்.