ரோஜாப்பூ போட்டோ போதுமா?

கல்லூரி திறந்தால் போதும், கல்லூரிகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் ஒரே திருவிழாதான். முதலாமாண்டு மாணவர்களுக்கு ரோஜாப்பூ, முதல்வரின் கைகுலுக்கல், பின்னணியில் சினிமாப் பாட்டு. யாருக்காக இதெல்லாம்? உள்ளே வந்த பிள்ளைக்காகவா, அடுத்த வருஷ அட்மிஷனுக்காகவா?

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு வந்து பாருங்கள். பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி இங்கே இருக்கிறது. பிளஸ் டூ முடித்து ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று கல்லூரிக்குப் போகிறார்கள். பலருக்கு வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த ஆளே கிடையாது. ஹாஸ்டலுக்கு யாரிடம் மனு கொடுப்பது? ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி எது? இன்டர்னல் மார்க் என்றால் என்ன? யாரைக் கேட்பார்கள்?

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 2022-ல் புதுமைப்பெண், 2024-ல் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய். தகவல் தெரியாமல் இதைத் தவறவிட்டால், மூன்று வருஷப் படிப்பில் 36,000 ரூபாய் நஷ்டம். இந்தப் பணம் வராமல் படிப்பையே நிறுத்திவிட நேர்ந்தால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

கல்லூரி சொல்லாததை சீனியர்களின் வாட்ஸ்அப் குரூப் சொல்கிறது. நல்ல சீனியர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால்? 1996-ல் பொன் நாவரசுவைப் பறிகொடுத்து, 1997-ல் ராகிங் தடைச் சட்டம் போட்ட மாநிலம் இது. இப்போது ராகிங் செல்போனுக்கும் வந்துவிட்டது. சீனியர்கள் குரூப் வைத்து ஜூனியர்களைத் துன்புறுத்தினால் அதுவும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் சொன்னது. சரி. கெட்ட குரூப்பைக் கண்காணித்தால் போதுமா? நல்ல குரூப்பை யார் ஆரம்பிப்பது?

கல்லூரிதான். அட்மிஷன் போட்ட அன்றே. ஒரு பேராசிரியர், அதே பகுதியிலிருந்து வந்த இரண்டு சீனியர்கள், அதில் ஒருவராவது பெண். வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் உறுப்பினரின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்துங்கள். சந்தேகங்களைத் தனியாகக் கேட்கட்டும், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிக்னல் இல்லாத, போன் இல்லாத பிள்ளைகளுக்காக அதே தகவலை முள்ளுக்குறிச்சிப் பள்ளியின் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள்.

‘வாத்தியாருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் சார்’ என்பார்கள். ரோஜாப்பூ போட்டோ போட மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

அந்த போட்டோவுக்கு ஆயிரம் லைக் விழலாம். முதல் செமஸ்டரிலேயே படிப்பை விட்டுப் போன பெண்ணும் அதில் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.