படம் முடிஞ்ச இடத்திலயிருந்து கதைப்பம்

'மில்லியன் டொலர் ஆர்ம்' படத்தை ஏ.ஆர்.ரஹ்மானின் இசைக்காகப் பார்த்த ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர். 2014இல் டிஸ்னி வெளியிட்ட உண்மைக்கதை. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிஞ்சுகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் எண்ட ரெண்டு பெடியள், 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில தெரிவாகினம். அமெரிக்கா போய், சில மாதப் பயிற்சியோட பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் பேஸ்போல் கழகத்தில் ஒப்பந்தம் ஆகினம். கைதட்டல். படம் முடிஞ்சுது.

பிறகு? ரெண்டு பருவம் விளையாடின தினேஷைக் கழகம் 2010 டிசம்பரில் விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தார், காயங்கள் விடவில்லை. 2018இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்துக்குப் போனார். மேஜர் லீக்கில் இருவருமே ஒரு பந்துகூட வீசவில்லை.

அவை தோத்ததில எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கீழ்மட்ட லீக்குகளில் சேருகிற பெரும்பாலானோர் மேலே போவதேயில்லை. அந்தக் கதையின் நாயகனாக அவர்களைக் கண்டுபிடித்த முகவரை நிறுத்தினதுதான் பிரச்சினை. இந்தியச் சந்தையைப் பிடிக்க அவர் கட்டின பந்தயத்தில் பணயமாக வைக்கப்பட்டது ரெண்டு பெடியளின்ர இளமை. ஈட்டி எறிபவருக்குப் பத்தொன்பது, இருபது வயது எண்டது சும்மா கழிக்கிற காலமில்லை.

"வாய்ப்புக் குடுத்ததே பெரிசுதானே" எண்டு சொல்லுவினம். நாங்கள் அதை ஏற்கமாட்டோம். அமெரிக்காவின் அடிமட்ட பேஸ்போல் வீரர்களின் வாழ்க்கையை மாற்றினது எந்த முகவரின்ர கருணையும் இல்லை, தொழிற்சங்கம். 2022இல் அவர்கள் சங்கமானார்கள். 2023 ஒப்பந்தத்தில், ஆகக் கீழ்ப்படி வீரரின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 4,800 டொலரிலிருந்து 19,800 டொலராகியது. தினேஷ் விளையாடின காலத்தில் அப்படியொரு சங்கம் இருக்கவில்லை.

ஆகவே, அடுத்தமுறை ஆரும் "திறமை தேடுறம்" எண்டு மைக்கோட வந்தால், எத்தனை பேரை எடுப்பீர்கள் எண்டு மட்டும் கேட்கவேண்டாம். கழிச்சு விடுற பெடியளுக்குப் படிப்பு, மருத்துவச் செலவு, திரும்பிப்போக ஒரு தொழில், இதில எதைக் குடுப்பீர்கள் எண்டும் கேட்போம். பதில் இல்லையெண்டால் கைதட்டவும் வேண்டாம்.