உயர்தரம் முடித்துக் கணக்காய்வு நிறுவனத்துக்குள் நுழையும் பிள்ளைகள்: பாதி வழியில் நிற்பது ஏன்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் நமது ஊர்களில் ஒரே காட்சிதான். மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் தெரிவானவர்களின் படங்கள் முகநூலில் சுற்றும். பழைய மாணவர் சங்கம் பாராட்டு விழா நடத்தும். வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்று, இசட் புள்ளி சற்றுக் குறைந்துபோன பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பிள்ளை சில மாதங்களில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, தெமட்டகொடையிலோ மருதானையிலோ ஒரு போடிங் அறையில் மூன்று பேரோடு நான்காவது ஆளாகத் தங்கி, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்கிறது.

இப்படிச் சேர்பவர்கள் ஒரு சிலரல்லர். அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத் தகுதி பெற்றிருக்க, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் படித்தவர்களுக்குத் தொழில்சார் கணக்கியல் ஒரு பெரிய வாசல். 1959ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் தகைமை, ஏஏடி, பிரித்தானியாவின் ஏசிசிஏ, சீமா என்று பாதைகள் பல. பட்டம் இல்லாமலேயே இவற்றில் நுழையலாம். பட்டதாரிகளோடு ஒரே மேசையில் அமரலாம். வளைகுடாவிலும் இத்தகைமைகளுக்கு மதிப்புண்டு.

வாசல் பெரிதுதான். ஆனால் நுழைந்தவர்களில் எத்தனை பேர் மறுபக்கம் வெளியே வருகிறார்கள்? நமது ஊர் ஒவ்வொன்றிலும் "சீஏ செய்தவர்", "சீமா பாதி முடித்தவர்" என்று அறிமுகமாகும் நானாமார் பலர் இருக்கிறார்கள். முழுமையாக முடித்தவரை விரல்விட்டு எண்ணலாம். இவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவது இலகு. உண்மையில் இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது நேரம். பட்டயக் கணக்காளராக மூன்று வருட நடைமுறைப் பயிற்சி வேண்டும். ஏசிசிஏக்கு 36 மாத அனுபவம் வேண்டும். அதாவது வேலையும் படிப்பும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அமைப்பு. நமது நாட்டில் பெரும்பாலான கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இலும், வங்கிகளுடையது டிசம்பர் 31இலும் முடிகிறது. அதனால் வருடத்தின் முதல் பாதி முழுவதும் கணக்காய்வு நிறுவனங்களுக்கு உச்ச வேலை. ஆண்டிறுதி இரவில் களஞ்சியசாலையில் பெட்டி எண்ணும் வேலையும், பற்றுச்சீட்டுக் கட்டுகளைப் பேரேட்டோடு ஒப்பிடும் வேலையும் பயிலுநர் தலையில்தான் விழும். இரவு ஒன்பது மணிக்கு அறைக்கு வருபவன் புத்தகத்தைத் திறப்பது எப்போது? பரீட்சைக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது பணம். பயிலுநருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, கொடுப்பனவு. போடிங் வாடகை, சாப்பாடு, பஸ் காசு போனபின் வகுப்புக்கும் பரீட்சைக்கும் மிஞ்சுவது சொற்பம். ஏசிசிஏ, சீமா கட்டணங்கள் ஸ்டேர்லிங் பவுணில். 2022 மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி இரண்டு மாதங்களில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, 100 பவுண் கட்டணம் சுமார் 27,000 ரூபாவிலிருந்து 45,000 ரூபாவளவுக்குப் போனது. பாடத்திட்டம் மாறவில்லை, தாள் மாறவில்லை. விலை மட்டும் மாறியது. பின்னர் ரூபா ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு தாளில் தவறினால் அதே கட்டணத்தை மீண்டும் கட்ட வேண்டும். ஏசிசிஏயின் மேல்நிலைத் தாள்கள் சிலவற்றில் தோற்றுவோரில் பாதிப் பேர்கூடச் சித்தியடைவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது மொழி. உயர்தரத்தில் "பெறுமானத் தேய்வு", "பரீட்சை மீதி", "வங்கி இணக்கக் கூற்று" என்று படித்த பிள்ளை, அலுவலகத்தில் முதல் நாளே இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. கணக்குத் தெரியும், ஆனால் சொல் தெரியாது. கேட்க வெட்கம். மேல்நிலைப் பரீட்சைகளில் நீண்ட விடைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கணக்கை விடக் கருத்தை எழுதுவதற்குத்தான் அங்கே புள்ளி. திறமையான பல தமிழ்மொழி மூல மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த மூன்றும் சேர்ந்து அழுத்தும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "கட்டாரில் ஒரு எக்கவுண்ட்ஸ் வேலை இருக்கு, வாரியா?" 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காகப் போனார்கள். வீட்டில் கல்யாணத்துக்கு ராத்தா இருக்கிறாள், வாப்பாவின் கடை படுத்துவிட்டது. இரண்டு வருடப் பயிற்சி முடித்த பிள்ளை மூன்றாவது வருடத்தை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? அங்கே கணக்கு எழுதுநராகச் சேர்பவன் பத்து வருடத்துக்குப் பின்னும் பெரும்பாலும் அதே மேசையில்தான் இருப்பான். பேரேடு எழுதும் வேலையை மென்பொருள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கும் காலம் இது. தகைமை முடித்தவனுக்குத்தான் அடுத்த படி இருக்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. நல்ல பெறுபேறு பெற்றும், பாதுகாப்பான தங்குமிடம் இல்லை, இரவாகும் வேலை, வெளியூர்க் கணக்காய்வு என்ற காரணங்களால் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். தமிழிலும் தோற்றக்கூடிய ஏஏடியை ஊரிலிருந்தே தொடங்கி, பின்னர் அலுவலக நேரம் ஒழுங்காயுள்ள ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் பயிற்சி பெறும் வழியைப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

என்ன செய்யலாம்?

சேரப்போகும் பிள்ளைகள் முதலில் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த இடம் நிறுவகத்தால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையமா? அங்கீகாரமில்லாத இடத்தில் உழைத்த காலம் பட்டயக் கணக்காளர் பயிற்சியில் சேராது. பரீட்சை லீவு எத்தனை நாள் என்பதையும் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அனுபவப் பதிவை மாதாமாதம் நிரப்பி மேற்பார்வையாளரின் ஒப்பத்தை வாங்குங்கள். அவர் வேலையை விட்டுப் போனபின் தேடித் திரிவது பெரும் பாடு. உயர்தரம் எழுதிப் பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கே ஒதுக்குங்கள்.

சமூகத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நமது நலன்புரி அமைப்புகள் பல பல்கலைக்கழக மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கின்றன. தொழில்சார் பரீட்சை எழுதும் பயிலுநர் "உழைக்கிறவர்" என்று கருதப்பட்டு விடுபட்டுப் போகிறார். இவர்களுக்குத் தேவை பெரிய தொகையல்ல. பரீட்சைக் கட்டணத்துக்கு மட்டும் வட்டியில்லாக் கடன், தகைமை பெற்றபின் தவணையாகத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். கொழும்பில் நமது வர்த்தகர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு போடிங் வீட்டையும், வார இறுதியில் ஒரு படிப்பறையையும் நடத்த முடியும்.

இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. நமது கடைகளுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளிவாசல்கள் வக்பு சபைக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியே ஆள் தேடுகிறோம். அந்த ஆள் நம் ஊரிலேயே உருவாகிக்கொண்டிருந்தான். கடைசி இரண்டு தாளுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் விமானம் ஏறினான்.

அடுத்த பெறுபேறு வெளியாகும்போது பாராட்டு விழா வைப்போம். அதோடு, கடந்த வருடம் கொழும்புக்குப் போன வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்து, "எத்தனை தாள் பாக்கி இருக்கு?" என்றும் கேட்போம்.