எழுதியவர் பெயர் எங்கே?

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது பாவமல்ல. பந்தை அடிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தும் கைவர வேண்டும் என்று யாரும் சட்டம் போட முடியாது. அமெரிக்காவில் பேப் ரூத் என்ற பேஸ்பால் வீரரின் பெயரில் 1920-களில் பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்து குவிந்தன. எழுதியவர்களோ கூலிக்கு அமர்த்தப்பட்ட பத்திரிகையாளர்கள். அவர்களில் ஒருவரான ஃபோர்டு ஃபிரிக் பிற்காலத்தில் அந்த விளையாட்டுக்கே ஆணையராக உயர்ந்தார். ஆகவே, வழக்கம் பழையதுதான். அதைக் கண்டு மூக்கின்மேல் விரலை வைப்பதற்கில்லை.

என் சண்டை வேறு. 2014 அக்டோபரில் டெரெக் ஜீட்டர் என்ற பேஸ்பால் வீரர், ஓய்வு பெற்ற கையோடு, 'தி பிளேயர்ஸ் டிரிப்யூன்' என்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கினார். நடுவே நிருபர் வேண்டாம், வீரர்கள் ரசிகர்களோடு நேரே பேசட்டும் என்பது அதன் கொள்கை. கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் பல கட்டுரைகள் தயாரான விதம் என்ன? பத்திரிகையின் ஊழியர் ஒருவர் வீரரின் பேச்சைப் பதிவு செய்வார். வெட்டி, ஒட்டி, கோவையாக்குவார். மேலே வீரரின் பெயர் மட்டும் வரும். நடுவே நின்றவர் எங்கும் போய்விடவில்லை, ஐயா! அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஜூலையில், கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் தம் சொந்த மாநிலத்துக் கிளீவ்லாந்து அணிக்கே திரும்பப் போவதை 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்' பத்திரிகையின் மூலம் அறிவித்தார். அவர் சொல்லக் கேட்டு எழுதியவர் லீ ஜென்கின்ஸ் என்று அங்கே தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் ஜேம்ஸின் புகழில் ஒரு குன்றிமணி குறைந்ததா?

"பெயர்தானே, போகட்டும்" என்பீர்கள். பெயர் தனியாகப் போவதில்லை. கேள்வியையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. 2016 ஜூலை 4 அன்று கெவின் டியூரண்ட், ஒக்லஹோமா அணியை விட்டு கோல்டன் ஸ்டேட் அணியில் சேரும் முடிவை ஜீட்டரின் பத்திரிகையில் வெளியிட்டார். சில வாரங்களுக்கு முன்புதான், அதே கோல்டன் ஸ்டேட்டை 3-1 என்று முந்தியிருந்தும், அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்று அவர் அணி வெளியேறியிருந்தது. "உங்களைத் தோற்கடித்தவர்களிடமே போய்ச் சேர்கிறீர்களே, ஏன்?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதைக் கேட்டு, கேள்வியையும் பதிலையும் ஒன்றாக அச்சிட அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் வருவதை வாக்குமூலம் என்பதா, விளம்பரம் என்பதா?

அந்தப் பத்திரிகையில் நல்லதே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தின் நடுவே தம்மைத் திடீரென்று ஆட்கொண்ட பீதியைப் பற்றி 2018-ல் கெவின் லவ் அதில் மனம் திறந்தார். எத்தனையோ பேருக்கு அது ஆறுதல் தந்திருக்கும். நிருபரிடம் அவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், மனம் திறந்த பேச்சும் மழுப்பல் அறிவிப்பும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், வாசகன் எதை வைத்து இனம் பிரிப்பான்?

மறுபுறம், கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் இடமும் குறுகி வருகிறது. 'நியூயார்க் டைம்ஸ்' 2023-ல் தன் விளையாட்டுப் பிரிவையே கலைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு கூத்தும் வெளிப்பட்டது. ஜென்கின்ஸின் பெயரை நேர்மையாக வெளியிட்ட அதே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்'டின் இணையதளத்தில், கடைப் பொருள்களைப் பற்றிய விமர்சனங்கள், உலகில் இல்லாத எழுத்தாளர்களின் பெயரில், கணினி உருவாக்கிய முகங்களோடு வந்திருந்தன! முன்பு ஆள் இருந்தார், பெயர் இல்லை. இப்போது பெயர் இருக்கிறது, ஆளே இல்லை. முதலாவதை 'என்ன பெரிய குற்றம்!' என்று ஏற்றுக்கொண்ட வாசகன், இரண்டாவதை எந்த முகத்தோடு தட்டிக் கேட்பான்?

நம் ஊரில் பத்திரம் எழுதுகிறவரைப் பாருங்கள். நிலம் அவருடையதல்ல, பணமும் அவருடையதல்ல. ஆனாலும், 'எழுதியவர்' என்று தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுகிறார். நாளைக்கு வில்லங்கம் வந்தால் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். கால் கிரவுண்டு நிலத்துக்கு நாம் வற்புறுத்தும் இந்த ஒழுங்கை, லட்சக்கணக்கானவர்கள் படித்து நம்பும் ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதைக்கும் வற்புறுத்த வேண்டாமா? வீரர் பேசட்டும், இன்னொருவர் எழுதட்டும். கட்டுரையின் அடியில் 'கேட்டு எழுதியவர் இன்னார்' என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரியைக்கூடப் போட மறுக்கிற பத்திரிகையை நாம் ஏன் நம்ப வேண்டும்?