விலைமனு போடுமுன்...

சகோதரியே! பெருநாள் தையல் முடிந்ததும் உங்கள் இயந்திரம் சும்மா கிடக்கிறதா? ஊர் வைத்தியசாலைக்குக் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் வருடம் முழுக்கத் தேவை. யாரோ தைத்துக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அந்த யாரோ ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

முதலில் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்துப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கும் திறவுங்கள். அரச நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான வழங்குநர்களைப் பதிவுசெய்யும்படி, பெரும்பாலும் வருடக் கடைசியில் பத்திரிகையில் அறிவித்தல் போடும். நாம் மரண அறிவித்தலைப் பார்ப்போம், இதைப் பார்ப்பதில்லை! சிறிய கொள்வனவுகளுக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம்தான் பெரும்பாலும் விலை கேட்பார்கள். குறித்த நேரத்துக்குப் பிந்திப்போன விலைமனுவை உறை பிரிக்காமலே திருப்பிவிடுவார்கள்.

இனிக் காசு விஷயம். அது உடனே வராது. பாடசாலைக்குப் பகலுணவு சமைத்துக் கொடுத்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். அரிசியும் பருப்பும் கடையில் கடன். காசோலையோ மாதக் கணக்கில் பிந்தும். வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கப் போனால் இலாபம் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே மூன்று மாதம் தாங்கும் முதல் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலையைக் குறியுங்கள். இல்லையென்றால் விரிப்பை விட்டுவிட்டு உறைக்கு மட்டும் விலை போட இடமுண்டா என்று கேளுங்கள்.

பொருளை ஒப்படைக்கும்போது எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு கணக்காளரிடம் செல்லாது. எழுத்தில் கட்டளை கைக்கு வராமல் ஒரு முழத் துணியும் வெட்டாதீர்கள்.