வெள்ளை அங்கிக்குள் இருந்தவர்கள்

1997 ஏப்ரல் 14. ராத்திரி முழுக்கப் பசை வாளியோடு சுற்றி அம்பேத்கர் பிறந்தநாள் சுவரொட்டி ஒட்டிவிட்டு, காலையில் ஊர்வலம் போய், தொண்டை கட்டிப்போய் விடுதிக்குத் திரும்பினோம். மறுநாள் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு படம். 21 வயசுக் கறுப்புப் பையன் ஒருத்தன். பக்கத்தில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு அவனுடைய மட்டைப் பையைச் சுமந்தபடி, மீசை நரைத்த வெள்ளைக்காரர். பையன் பெயர் டைகர் உட்ஸ். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டா நகரத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான்.

எங்களில் ஒருத்தனுக்கும் கோல்ஃப் தெரியாது. அது கலெக்டரும் கர்னலும் ஆடுகிற ஆட்டம் என்கிற அளவுக்குத்தான் தெரியும். "பாத்தியாடா, கறுப்பன் ஆடுறான், வெள்ளைக்காரன் மூட்டை தூக்குறான். எல்லாம் தலைகீழாயிடுச்சு" என்றான் அறைத்தோழன். படத்தை வெட்டி, சோற்றுப் பருக்கை தடவி, பாபாசாகேப் படத்துக்குக் கீழே ஒட்டினோம். நம் சிறுபத்திரிகைகள் கறுப்பர் கவிதைகளைத் தேடித்தேடி மொழிபெயர்த்துப் போட்ட காலம் அது. 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோதே பெயரை அங்கிருந்துதானே எடுத்தார்கள். அவர்கள் ஜெயித்தால் நாம் ஜெயித்த மாதிரி.

ரொம்ப வருஷம் அந்தப் படத்தை நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். தப்பாகப் படித்திருக்கிறேன். அந்த வெள்ளை அங்கிக்குள் ஒரு வெள்ளைக்காரர் எப்படி வந்தார் என்ற கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை.

'நம்ம பத்திரிகையில் கோல்ஃப் எதுக்கு?' என்று முகம் சுளிக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தப் போட்டி மற்ற எதைவிடவும் தன் மரபைச் சொல்லித்தான் பெருமைப்படுகிறது. மரபு என்று ஒருத்தர் வாயெடுத்தால், அந்த வீட்டில் பாத்திரம் கழுவினது யார் என்று பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கணும்.

அகஸ்டா நேஷனல் கிளப்பின் நிலம் 365 ஏக்கர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அவுரித் தோட்டம். அடிமை முறை சட்டமாக இருந்த ஜார்ஜியாவில் அவுரிக்காகக் குனிந்த முதுகு யாருடையது என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு நாற்றுப் பண்ணை ஆனது. 1931ல் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரும் கிளிஃபோர்டு ராபர்ட்ஸ் என்ற பணத் தரகரும் சேர்ந்து அதை வாங்கி மைதானம் ஆக்கினார்கள். பழைய தோட்டத்து வீடுதான் இன்றைக்கும் கிளப் கட்டடம். நாற்றுப் பண்ணையின் ஞாபகமாக 18 குழிகளுக்கும் செடி, மரங்களின் பெயர். ஒரு செடியையும் மறக்கவில்லை.

முதல் போட்டி 1934ல். மாஸ்டர்ஸ் என்ற பெயர் 1939லிருந்து. உலகப்போரில் மூன்று வருஷம் நின்றது தவிர, வருஷாவருஷம் அதே மைதானத்தில் நடக்கிறது. 1949லிருந்து ஜெயித்தவருக்குப் பச்சைக் கோட்டு. 1952லிருந்து பழைய வெற்றியாளர்கள் மட்டும் கூடிச் சாப்பிடும் விருந்து. முன்வருஷம் ஜெயித்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான் சமையல். பார்க்க வருபவர்களைப் பார்வையாளர் என்று சொல்லக்கூடாதாம், புரவலர் என்று சொல்லணுமாம். 1966ல் ஒரு டிவி வர்ணனையாளர் கூட்டத்தைக் 'கும்பல்' என்று சொல்லிவிட்டார், அடுத்த வருஷம் அவருக்கு மைக் இல்லை. மைதானத்தில் ஓடக்கூடாது, செல்போன் கொண்டுவரக்கூடாது. பிமென்டோ சீஸ் சாண்ட்விச் மட்டும் ஒன்றரை டாலர், விலையை ஏற்றவே மாட்டார்கள். 11, 12, 13ஆம் குழிகள் உள்ள மூலைக்கு 'ஆமென் கார்னர்' என்று பெயர். 1958ல் ஒரு பத்திரிகையாளர் பழைய ஜாஸ் பாட்டு ஒன்றின் தலைப்பிலிருந்து எடுத்து வைத்தது. கறுப்பர் இசையின் வார்த்தைக்கு 1958லேயே உள்ளே இடம் கிடைத்துவிட்டது. கறுப்பு ஆட்டக்காரருக்குக் கிடைக்க இன்னும் 17 வருஷம் ஆனது.

கறுப்பு உடம்பு உள்ளே போக வேறு வாசல் இருந்தது. மட்டைப் பை தூக்குகிறவரை 'கேடி' என்பார்கள். (நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் இருக்கிற கேடி வேறு. அதிலும் நம் ஆட்கள் பெயர்தான் அதிகம் என்பது தனிக்கதை.) 1934லிருந்து 1982 வரை, எந்த ஊர் ஆட்டக்காரராக இருந்தாலும் கிளப் கொடுக்கிற கேடியைத்தான் வைத்துக்கொள்ளணும் என்பது விதி. கிளப் கொடுத்த கேடிகள் கறுப்பர்கள். பலரும் சாண்ட் ஹில்ஸ் என்ற கறுப்பர் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். நம் பாஷையில் மணல்மேடு. பத்துப் பன்னிரண்டு வயசிலேயே பக்கத்து மைதானத்தில் பை தூக்கத் தொடங்குகிற பிள்ளைகள். எல்லோருக்கும் அந்த வெள்ளை அங்கி, மெக்கானிக் போடுவாரே அந்த மாதிரி.

'நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் ஆடுறவன் வெள்ளையன், பை தூக்குறவன் கறுப்பன்' என்ற பொருளில் ராபர்ட்ஸ் பேசியதாக ஒரு வாக்கியம் ரொம்ப நாளாக உலவுகிறது. சொன்னார், சொல்லவில்லை என்று இரண்டு பக்கமும் சண்டை. எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை இல்லை. 41 வருஷம் நடந்தது அப்படித்தான். நடத்திக் காட்டுகிறவன் வாயால் வேறு சொல்லணுமா?

பை தூக்குவது என்றால் சுமை தூக்குவது மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அகஸ்டாவில் குழியைச் சுற்றி வெட்டிவிட்ட புல்தரை கண்ணாடி மாதிரி. சரிவு கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத்தான் தெரியும். நேராக அடித்த பந்து எங்கே வளையும், ரேஸ் ஓடை எந்தப் பக்கம், 12ஆம் குழியில் காற்று எப்படித் திரும்பும் என்பதெல்லாம் தினம் அந்தத் தரையில் நடந்த காலுக்குத்தான் தெரியும். அதைக் கிளப் எழுதி வைக்கவில்லை, அந்தக் கேடிகள் காலிலும் கண்ணிலும் வைத்திருந்தார்கள். 'அயர்ன் மேன்' என்று கூப்பிடப்பட்ட நத்தானியல் ஏவரி பக்கத்தில் இருக்க, ஆர்னால்ட் பாமர் நான்கு முறை ஜெயித்தார்: 1958, 1960, 1962, 1964. ஜாக் நிக்லஸ் அங்கே ஜெயித்த ஆறில் ஐந்துக்கு வில்லி பீட்டர்சன். இவர்கள் இல்லாமல் அந்தப் பச்சைக் கோட்டுகள் இல்லை என்று நான் சொன்னால் அது கோபத்தில் சொல்வதில்லை. ஆட்டம் தெரிந்தவர்களே ஒத்துக்கொள்கிற விஷயம்.

ஆடுகிற பக்கத்தில் கதவு எப்படிச் சாத்தப்பட்டிருந்தது என்று பாருங்கள். தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதியிலேயே வெள்ளை இனத்தாருக்கு மட்டும் என்ற வரி இருந்தது. 1961ல்தான் எடுத்தார்கள். அதன் பிறகு சார்லி சிஃபோர்டு என்ற கறுப்பர் 1967ல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969ல் லாஸ் ஏஞ்சலஸிலும் போட்டிகளை ஜெயித்தார். மாஸ்டர்ஸிலிருந்து அழைப்பு வரவில்லை. விதிப்படி தகுதி வரவில்லை என்றார்கள். அமெரிக்கச் சுற்றில் ஒரு போட்டி ஜெயித்தாலே அழைப்பு உண்டு என்ற விதி 1972ல் வந்தது. அதற்குள் சிஃபோர்டுக்கு ஐம்பது வயசு நெருங்கிவிட்டது. கடைசிவரை அவர் மாஸ்டர்ஸ் ஆடவே இல்லை. தகுதி, தகுதி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு இந்தக் கணக்கு புரியும்.

1973ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் 18 உறுப்பினர்கள், லீ எல்டர் என்ற கறுப்பு ஆட்டக்காரரை அழைக்கச் சொல்லிக் கிளப்புக்கு எழுதினார்கள். அதற்கும் தகுதி என்பதுதான் பதில். எல்டர் தகுதியை எங்கே சம்பாதித்தார் தெரியுமா? ஃபுளோரிடாவில் பென்சகோலா என்ற ஊரில். 1968ல் அங்கே ஆடப் போனபோது கறுப்பு ஆட்டக்காரர்களைக் கட்டடத்துக்குள் விடாமல், கார் நிறுத்துகிற இடத்தில் உடை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதே ஊரில் 1974 ஏப்ரலில் ஜெயித்தார். உடனே கொலை மிரட்டல்கள். 1975ல் அகஸ்டாவுக்கு வந்தபோது, எதில் தங்கியிருக்கிறார் என்று தெரியாமலிருக்க இரண்டு வீடு வாடகைக்கு எடுத்தார். 74, 78 என்று ஆடி இரண்டாம் நாளோடு வெளியேறினார். சமையல்கட்டிலும் மைதானத்திலும் வேலைபார்த்த கறுப்பர்கள் வந்து நின்று கைதட்டினார்கள்.

இனி, நாங்கள் தப்பாகப் படித்த இடம். 1982ல் முதல் நாள் ஆட்டம் மழையில் நின்றுபோனது. மறுநாள் காலையில் சீக்கிரம் தொடங்கினார்கள். பல கேடிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆட்டக்காரர்களுக்குக் கோபம். வருஷம் முழுக்கத் தங்களோடு ஊர் ஊராக வருகிற சொந்தக் கேடியையே கொண்டுவர விடணும் என்று ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல சாக்கு. அந்த நவம்பரில் கிளப் விதியை எடுத்தது. நேரத்துக்கு வராதது தப்புதான், மறைக்க வேண்டாம். ஆனால் 48 வருஷத்து வேலைக்கு ஒரு காலை நேரம் பதில் ஆகிவிட்டது. 1983லிருந்து வெளியூர்க் கேடிகள் வந்தார்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். மணல்மேட்டுக்காரர்களில் சிலரே மிஞ்சினார்கள்.

அங்கியை மட்டும் மாற்றவில்லை. அது மரபாம்! உள்ளே இருந்த ஆளை உருவிவிட்டு உறையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1997ல் நாங்கள் சுவரில் ஒட்டிய நரைத்த மீசைக்காரர் போட்டிருந்தது அந்த உறையைத்தான்.

எப்போது வெளியேற்றினார்கள் என்பதும் முக்கியம். ஜெயித்தவரின் பரிசில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கேடிக்கு என்பது வழக்கம். 1934ல் முதல் பரிசு 1,500 டாலர். 1983ல் 90,000. 1997ல் 4,86,000. 2025ல் 42 லட்சம். காசு இல்லாத காலத்தில் வேலை அவர்களுடையது. காசு வந்தபோது வேலை 'திறமைக்கும் சுதந்திரத்துக்கும்' திறந்துவிடப்பட்டது. கீழே இருந்த ஒரே வாசல் 1982ல் சாத்தப்பட்டது, மேலே உறுப்பினர் வாசல் 1990 வரைக்கும் திறக்கவில்லை. நடுவில் எட்டு வருஷம்.

மிஞ்சியவர்களில் கார்ல் ஜாக்சன் ஒருவர். 1961ல் 14 வயசில் முதல் மாஸ்டர்ஸ், மொத்தம் 54 மாஸ்டர்ஸில் பை தூக்கியவர். 1995ல் பென் கிரென்ஷா என்பவர் தன் குரு இறந்த துக்கத்தில், ஆட்டம் கெட்டு, அகஸ்டாவுக்கு வந்திருந்தார். பந்தைக் காலுக்குக் கொஞ்சம் பின்னால் வை, தோளை இறுக்கமாகத் திருப்பு என்று ஜாக்சன் இரண்டு விஷயம் சொன்னார். கிரென்ஷா அந்த வாரம் ஜெயித்தார். கடைசிப் பந்து விழுந்ததும் குனிந்து அழுத அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டவர் ஜாக்சன். வாத்தியார் வேலை பார்த்தவருக்கு வைத்த பெயர் கேடி.

1990ல் முதல் கறுப்பு உறுப்பினர், ரான் டவுன்சென்ட் என்ற டிவி நிறுவன அதிகாரி. மனசாட்சி உறுத்தியதா? அலபாமாவில் ஷோல் கிரீக் என்ற கிளப்பை நிறுவியவர், கறுப்பர்களைச் சேர்க்க மாட்டோம் என்று பத்திரிகைக்கே சொல்லிவிட்டார். அங்கே நடக்கவிருந்த பெரிய போட்டிக்கு ஐபிஎம் போன்ற கம்பெனிகள் விளம்பரத்தைத் திரும்ப எடுத்தன. அதில் வந்த பயம்தான் அகஸ்டாவிலும் கதவைத் தள்ளியது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2012 ஆனது. அதற்கு முன் பெண்கள் அமைப்பு விளம்பரதாரர்களுக்கு நெருக்கடி கொடுத்தபோது, 2003லும் 2004லும் விளம்பரமே இல்லாமல் போட்டியை ஒளிபரப்பினார்கள். காசைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், பந்தியில் இடத்தை விடமாட்டார்கள்.

1997ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு லீ எல்டர் அட்லாண்டாவிலிருந்து அவசரமாகக் கார் ஓட்டி வந்து, வழியில் வேகத்துக்காகப் போலீசிடம் சீட்டு வாங்கி, டைகர் ஆடுவதைப் பார்த்தார். கோட்டு மாட்டும்போது கிளப்பின் கறுப்பு வேலையாட்கள் வெளியே வந்து நின்றார்கள். சக ஆட்டக்காரர் ஒருவர், அடுத்த வருஷ விருந்தில் பொரித்த கோழி வைக்கச் சொல்லாதே என்று டிவி முன்னால் சிரித்தார். சாப்பாட்டைச் சொல்லிப் பிறப்பைக் குத்துகிற வித்தை அங்கேயும் உண்டு. டைகரோ, தாய்லாந்து அம்மாவுக்கும் கறுப்பு அப்பாவுக்கும் பிறந்த தன்னைக் கறுப்பன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றான். அது அவன் உரிமை. எங்கள் விடுதியில் அன்றைக்கு அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

2021 ஏப்ரலில் போட்டியைத் தொடங்கிவைக்க லீ எல்டரை அழைத்தார்கள். 86 வயசு. மூக்கில் ஆக்சிஜன் குழாய். மட்டையை ஊன்றி எழுந்து நின்றார், பந்தை அடிக்க முடியவில்லை. அந்த நவம்பரில் இறந்துபோனார். அழைத்தது நல்ல காரியம். 46 வருஷம் கழித்து என்பதையும் சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அகஸ்டாவில் இன்றைக்கும் கேடியின் அங்கியில் முதுகுப்பக்கம் பெயர் இருக்கும். அது ஆட்டக்காரரின் பெயர். நெஞ்சில் ஒரு நம்பர், முன்வருஷம் ஜெயித்தவரின் கேடிக்கு 1. சுமக்கிறவர் பெயருக்கு அதில் இடமில்லை. பாமரை நான்கு முறை கரைசேர்த்த அயர்ன் மேன் ஏவரி 1985ல் இறந்து அகஸ்டாவிலேயே புதைக்கப்பட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குழிமேட்டில் பெயர் எழுதிய ஒரு கல் இல்லை.